சமையலறையில் காலை உணவுக்கென ஒரு மேடை: மண்டபத்து வீட்டுக்கு எந்த உயரம், எந்தக் கல்?

கேள்வி: மண்டபம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், வடக்குக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1994இல் என் மாமனார் கட்டிய, கான்கிரீட் தளம் போட்ட வீடு. வருகிற தை மாதம் சமையலறையைப் பிரித்துக் கட்ட எண்ணியிருக்கிறோம். இப்போதுள்ள சமையலறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு முழுச் சுவர் நிற்கிறது. அந்தச் சுவரை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, மேலே கிரானைட் பலகை போட்டு, கூடத்துப் பக்கம் உயரமான நாற்காலிகள் வைத்தால் காலைச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பது மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகனின் யோசனை. பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் என்று சொல்லி நான்கைந்து படங்களும் அனுப்பியிருக்கிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் ஒன்றிலும் குழம்புச் சட்டி இல்லை என்பதுதான் எனக்கு முதலில் பட்டது.

எங்கள் வீட்டுக் காலைப் பொழுது எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் உங்களால் ஆலோசனை கூற முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் கணவர் மீன் வியாபாரம் செய்கிறார். படகுகள் கரைக்கு வரும் நாட்களில் விடியற்காலை நான்கரை மணிக்கு ஒரு கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் ஏலம் முடித்து ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார். அப்போது நான் பள்ளியில் இருப்பேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஏழு இருபதுக்குப் பேருந்து. ஒரு கையில் தோசையும் ஒரு கையில் சீப்புமாக நின்றுகொண்டே சாப்பிடுவாள். என் மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. அவர்களுக்கு இட்லியெல்லாம் பலகாரக் கணக்கு. பழைய சோறும் சுட்ட கருவாடும் நான்கு சின்ன வெங்காயமும் இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்பார்கள். சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மணை போட்டிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளாக அவர்கள் இடம் அதுதான். இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக நான். முதல் நாள் மீன்குழம்பு மண்சட்டியில் இறுகி, எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருக்கும். அதைச் சுட வைத்து, மூன்று இட்லியைத் தட்டில் போட்டு, அடுப்பு மேடையின் ஓரத்திலேயே தட்டை வைத்து நின்றபடி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். வேலை நாளில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டது என் நினைவில் இல்லை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் மட்டும், பள்ளி விடுமுறையும் அதில் சேர்ந்துகொள்வதால், நான்கு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம். இவை தவிர, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரம் போகும் உறவினர்கள் முதல் நாளே வந்து தங்கி, தர்ப்பணம் முடித்துப் பசியோடு திரும்புவார்கள். அன்று பத்துப் பேருக்குக் குறையாமல் பந்தி நடக்கும்.

என் ஐயங்கள் இவை. இப்படி ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் வீட்டுக்கு இந்த மேடை உண்மையில் பயன்படுமா, அல்லது ஆறு மாதத்தில் மின்கட்டண அட்டையும் செய்தித்தாளும் வைக்கும் இடமாகிவிடுமா? உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்? உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளே பொரிந்து உதிர்கின்றன. இந்த இரும்பு நாற்காலிகளும் தாங்கிகளும் எத்தனை நாள் நிற்கும்? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: கீழக்கரை இல்லத்தரசி

வணக்கம் டீச்சர். நீங்கள் செய்ய நினைப்பதை நாங்கள் 2018இலேயே செய்து, பிறகு அதை இடித்து மறுபடியும் கட்டியவர்கள். ஆகவே பட்டறிவிலிருந்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் உள்வேலை செய்து தந்தவர் வெளிநாட்டு மாடல் என்று சொல்லி 42 அங்குல உயரத்தில், ஓரடி அகலத்தில் கறுப்புக் கிரானைட் மேடை போட்டுத் தந்தார். அதற்கேற்ற நாற்காலிகள் 30 அங்குல உயரம். முதல் வாரம் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஏறினார்கள். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்போம். பசியாற இடியாப்பமும் கறி ஆணமும் (இறைச்சிக் குழம்பும்), அல்லது ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வைப்போம். அகலத் தட்டில் இடியாப்பத்தை உதிர்த்து, ஆணத்தை ஊற்றி, பிசைந்து சாப்பிட வேண்டும். ஓரடி மேடையில் அந்தத் தட்டை வைத்தால் விளிம்பு இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆணக் கிண்ணத்துக்கும் தண்ணீர்க் குவளைக்கும் இடமே இருக்காது. மூன்றாம் நாளே என் இளைய மகன் முழங்கை பட்டுத் தட்டு கவிழ்ந்தது. கூடத்துச் சுவரில் ஆணம் தெறித்த மஞ்சள் கறை அடுத்த வெள்ளையடிப்பு வரை அப்படியே இருந்தது.

என் உம்மாவால் அந்த நாற்காலியில் ஏறவே முடியவில்லை. ஒரே ஒரு முறை என் கணவர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் மேடையின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்கள், எந்தக் கையால் சாப்பிடுவது என்று கேட்டார்கள். அதன் பிறகு அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. நோன்பு வந்தபோதுதான் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது. விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்தில், தூக்கக் கலக்கத்தோடு ஆறு பேர் சேர்ந்து சாப்பிட வேண்டிய வேளையில், மேடையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே பாய் விரித்து உட்கார்ந்தோம். நாற்காலிகளின் கால் வைக்கும் வளையம் இரண்டாம் வருடமே துருப்பிடித்து, வெள்ளைத் தரையோட்டில் வட்ட வட்டமாகப் பழுப்புத் தடம் போட்டது. அமிலம் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை.

2021இல் அதை உடைத்து, சாப்பாட்டு மேசையின் உயரத்துக்கே, அதாவது 30 அங்குலத்துக்கே இறக்கிவிட்டோம். அகலத்தை இரண்டடியாக்கினோம். இப்போது வீட்டிலுள்ள சாதாரண நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்காரலாம். உம்மாவும் உட்காருகிறார்கள், ஐந்து வயதுப் பேத்தியும் உட்காருகிறாள். அடுப்புக்கு எதிரிலேயே இருப்பதால் ஆப்பம் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது. ஆப்பம் ஆறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வகையில் இந்த மேடை எங்களுக்கு மிகவும் தோதாகிவிட்டது. ஆகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உயரத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். கை கழுவும் தொட்டி நான்கெட்டு தூரத்துக்குள் இல்லையென்றால், எல்லாரும் எச்சில் கையோடு சமையலறைத் தொட்டிக்குத்தான் வருவார்கள். ஆப்பம் சுட்டுக்கொண்டிருக்கும் உங்கள் முழங்கையை இடித்துக்கொண்டுதான் கழுவுவார்கள்.

பதில் 2: ராமநாதபுரம் கட்டடப் பொறியாளர்

அம்மா, இருபது ஆண்டுகளாகக் கடலோர ஊர்களில் வீடு கட்டித் தருகிறவன் என்ற முறையில், உயரத்துக்கு முன்னால் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை.

நீங்கள் வெட்ட நினைக்கும் சுவர் பாரம் தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அந்தச் சுவரில் கதவு நிலை இருந்தால் அந்த இடத்தில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் வந்தால் அது ஒன்பது அங்குலச் சுவர். கூரைத் தளம் அதன்மேல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஐந்து, ஐந்தரை அங்குலம் வந்தால் பெரும்பாலும் தடுப்புச் சுவர். மாடியில் தண்ணீர்த் தொட்டி சமையலறைக்கு நேர்மேலே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. பாரம் தாங்கும் சுவராக இருந்தால், தளத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, திறப்புக்கு மேலே லிண்டல் என்னும் கான்கிரீட் உத்தரம் போட்டு, அது இரண்டு பக்கமும் சுவரில் குறைந்தது ஆறு அங்குலமாவது உட்கார்ந்த பிறகே கீழ்ச் சுவரை எடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் சம்மட்டியால் அடிக்க ஆரம்பிக்கும் ஆளை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

1994இல் கட்டிய வீடு என்பதால் தளத்தின் அடிப்பாகத்தையும் ஒரு கம்பால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே கம்பி துருவேறிப் பூச்சு விலகியிருக்கிறது என்று பொருள். இரும்பு துருவேறும்போது பருத்துவிடுகிறது. அந்தப் பருமன்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. உங்கள் ஜன்னல் கம்பி பொரிவதும் தளம் வெடிப்பதும் ஒரே நோய்தான். அப்படி இருந்தால் மேடை வேலையை ஒத்திவைத்துத் தளத்தை முதலில் சீர்செய்யுங்கள்.

புதிதாகப் போடும் கான்கிரீட்டுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரைச் சேர்க்கவே கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர விதி 456. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றின் நீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அந்த நீரைச் சோதிக்கும் செலவுக்குக் காவிரி கூட்டுக் குடிநீரையோ லாரித் தண்ணீரையோ பயன்படுத்திவிடலாம். லிண்டலுக்கு வேண்டியது சில குடங்கள்தான். நீராற்றுவதற்கும், அதாவது கான்கிரீட் இறுகும் வரை நனைப்பதற்கும், அதே நீரையே ஊற்றுங்கள்.

இனி உயரமும் அகலமும். உட்காரும் இடத்துக்கும் மேடையின் மேற்பரப்புக்கும் இடையே பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் இருந்தால்தான் கை இயல்பாக வாய்க்குப் போகும். இதிலிருந்துதான் மற்ற கணக்குகள் எல்லாம் வருகின்றன. மேடை 30 அங்குலமென்றால் 18 அங்குல நாற்காலி. 36 என்றால் 24 முதல் 26. 42 என்றால் 30 முதல் 32. முழங்கால் நுழைவதற்கு மேடை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உயரம் குறையக் குறைய இந்த நீட்டல் கூடும், ஏனென்றால் தாழ உட்காருகிறவரின் கால் முன்னே நீளும். 42 அங்குலத்துக்கு ஓரடி போதும், 36க்கு 15 அங்குலம், 30க்கு 18 அங்குலம் வேண்டும். ஆளுக்கு இரண்டடி நீளம். நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நடந்து போக வேண்டுமானால் மேடையின் விளிம்பிலிருந்து 44 அங்குலம் விட வேண்டும். நம் கூடங்களில் இது பெரும்பாலும் கிடைக்காது என்பதால், நடைபாதை எந்தப் பக்கம் என்பதைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரைந்து, நாற்காலி போட்டு, நான்கு நாள் புழங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காசில்லாத சோதனை இது. நான் கட்டித் தரும் எல்லா வீடுகளிலும் இதைச் செய்யச் சொல்கிறேன்.

நீட்டலுக்குத் தாங்கல் அவசியம். கடையில் கிடைக்கும் 18, 20 மில்லிமீட்டர் கிரானைட்டை ஆறு அங்குலத்துக்கு மேல் தாங்கலில்லாமல் வெளியே விடக்கூடாது. ஒரு பிள்ளை கையூன்றி ஏறினால் முறிந்துவிடும். பதினெட்டு அங்குல நீட்டலுக்கு இரண்டு முனைகளிலும் கடப்பா கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, கிரானைட்டுக்கு அடியிலும் ஒரு கடப்பா பலகையைக் கொடுத்துவிட்டால் இரும்பே தேவையில்லை. கடலோரத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். நடுவில் ஒரு கால் வேண்டியிருந்தால் 316 தர எவர்சில்வர் குழாய் வாங்குங்கள். கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 304. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், காந்தம் வைத்தாலும் பிரித்தறிய முடியாது; ஆனால் 316இல் மாலிப்டினம் என்னும் உலோகம் சேர்த்திருப்பதால் உப்புக்காற்றை அதுவே தாங்கும். பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

கல்லைப் பொறுத்தவரை மார்பிள் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல்லின் இனம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து மங்கிவிடும். மேடைக்குக் கீழே அலமாரி வைப்பதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீர் தாங்கும் பிளைவுட் மட்டும் வாங்குங்கள். அழுத்திய மரத்தூள் பலகை நம் பக்கத்து ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் ரொட்டி போல ஊதிவிடும். கூடத்துப் பக்கக் கல் விளிம்பை அரைவட்டமாகத் தேய்த்து உருட்டச் சொல்லுங்கள். 30 அங்குலம் என்பது சிறுபிள்ளைகளின் நெற்றிக்கு நேரான உயரம்.

பதில் 3: தங்கச்சிமடம் பெரியவர்

மகளே, முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போய்வந்தவன் நான். கல் கணக்கும் கம்பிக் கணக்கும் தம்பி தெளிவாகச் சொல்லிவிட்டார். காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சுவரை எடுத்துவிட்டால் சமையலறையும் கூடமும் ஒரே காற்றுவழி ஆகிவிடும். உங்கள் ஊர் இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு கழுத்துபோல இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்கு, மேற்கு ஜன்னல் வழியாக மணல் வரும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடக்கிலிருந்து வரும். இப்போது சுவர் மறைத்துக்கொண்டிருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நேர்கோட்டில் அடுப்பு வந்துவிட்டால் தீ நிலைகொள்ளாது. தோசை ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். எங்கள் வீட்டில் என் மருமகள் ஒரு வருடம் முழுக்க ஒரு பழைய தகரத்தை அடுப்புக்கு மறைப்பாக நிறுத்திவைத்துச் சமைத்தாள். ஆகவே அடுப்பை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்த பிறகு மேடையை வையுங்கள்.

உங்கள் மாமியாரின் மணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகில் நாங்கள் எல்லாரும் தளத்தில் குந்தி, ஒரே சட்டிச் சோற்றைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அந்த வழக்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை; மேசையில் சாப்பிட்டால் வயிறு நிறைந்தது தெரிவதில்லை. என் மகன் வீடு கட்டியபோது எனக்கென்று முழங்கால் உயரத்தில், பதினாறு அங்குலம் இருக்கும், சுவரோடு ஒரு சின்னத் திண்ணை கட்டித் தந்தான். தரையிலிருந்து எழுவதுதான் சிரமம். திண்ணையிலிருந்து எழுவது சிரமமில்லை. தட்டை மடியருகே வைத்துக்கொண்டு பழையதைக் கரைத்துக் குடிக்கலாம். பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றும் வைத்திருக்கிறான். மேடைக்கு அழைத்தால் அவர்கள் வரமாட்டார்கள் என்பது என் எண்ணம். வாசற்படி ஓரத்து இடத்தை அவர்களுக்கே விட்டுவையுங்கள்.

இன்னும் ஒன்று என் மனத்தில் தைத்தது. நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். என் மனைவியும் நாற்பது வருடம் அப்படித்தான் சாப்பிட்டாள். அவள் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள் என்பதே கடலுக்குப் போவதை நான் நிறுத்தி, காலையில் வீட்டில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. மகன் அனுப்பிய படங்களில் நாற்காலிகள் எல்லாம் கூடத்துப் பக்கம்தானே இருக்கின்றன? சமையலறைப் பக்கமும் ஒன்று போடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மண்டபம் ஆசிரியை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பெரியவரின் கடைசிப் பத்தியை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் ஏலத்துக்குப் போகாத நாளானபடியால் தாமே இரண்டு நாற்காலிகளைச் சமையலறைக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

பொறியாளர் தம்பி சொன்னபடி கதவு நிலையருகே அளந்தோம். பத்தே கால் அங்குலம். எனவே பாரம் தாங்கும் சுவர் என்றே வைத்துக்கொண்டு, சுவர் முழுவதையும் எடுக்காமல் நடுவில் ஆறடி மட்டும் திறப்பதென்று பேசியிருக்கிறோம். தளத்தைத் தட்டிப் பார்த்ததில் குளியலறை ஓரத்தில் மட்டும் பொத்தென்ற ஒலி கேட்கிறது. அதைச் சீர்செய்த பிறகே மற்ற வேலை. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு மூன்று நாளாகப் புழங்குகிறோம். மகள் அந்தக் கோட்டை மிதிக்காமல் ஒருமுறைகூடத் தன் அறைக்குப் போகவில்லை என்பதால், மேடையை ஓரடி கிழக்கே தள்ளியிருக்கிறோம்.

உயரம் 30 அங்குலம் என்று முடிவு. அடுப்பு மேடை என் உயரத்துக்கு 33 அங்குலம் என்பதால், இரண்டுக்கும் நடுவே மூன்று அங்குலப் படி வரும். அது உறுத்தாது என்று நினைக்கிறேன். மாமியாரிடம் திண்ணை விஷயத்தைச் சொன்னதும், மணையை எடுக்கப்போகிறீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். மணைக்குப் பதிலாகத் திண்ணை, இடம் அதேதான் என்றதும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு கேள்விகள் மட்டும் மீதமிருக்கின்றன. மீன் பொரிக்கும் புகையும் வாடையும் கூடத்துக்கு வராமலிருக்க அந்தத் திறப்பை மூடித் திறக்கும்படி செய்ய முடியுமா? மேடைக்கு என்ன நிறக் கல் நல்லது?

பதில் 4: ராமநாதபுரம் கட்டடப் பொறியாளர்

தாராளமாகச் செய்யலாம் அம்மா. மேடைக்கு மேலே யு.பி.வி.சி. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் இரண்டு கண்ணாடிக் கதவுகளை நகரும்படி வையுங்கள். துருவேறாது, மீன் பொரிக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளலாம், வாடைக்காலத்தில் காற்றையும் மறைக்கும். ஆனால் கதவின் கீழ்த் தடம் மேடையின் நடுவில் ஓடக்கூடாது. அதில் சோறும் குழம்பும் சேர்ந்து எறும்பு பிடித்துவிடும். தடத்தைச் சமையலறைப் பக்கத்து விளிம்பில், கல்லிலிருந்து அரை அங்குலம் உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள். அடுப்புக்கு மேலே புகைபோக்கி விசிறி தனியாக வேண்டும். கண்ணாடியை மூடிக்கொண்டு விசிறி இல்லாமல் மீன் பொரித்தால் உங்களுக்கே மூச்சு முட்டும்.

எரிவாயு அடுப்பின் பக்கத்து எரிமுனைக்கும் மிக அருகில் உட்காருகிறவருக்கும் இடையே குறைந்தது இரண்டடி விடுங்கள். தாளிக்கும் எண்ணெய் தெறிக்கும் தூரம் அது. மிக்சிக்கான மின்செருகியை மேடையின் முழங்கால் பக்கத்தில் வைக்கவேண்டாம், சமையலறைச் சுவரில், அடுப்பு மேடைக்கு மேல் ஒன்பது அங்குலம் உயரத்தில் வையுங்கள்.

பதில் 5: கீழக்கரை இல்லத்தரசி

டீச்சர், நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வழவழப்பான முழுக் கறுப்பு வேண்டாம். எங்கள் பழைய மேடை அதுதான். உப்புத் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டதுபோலத் தெரியும், ஒரு நாளைக்கு நான்கு முறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டியிருந்தது. வெள்ளையும் வேண்டாம். முண்டு மிளகாய் அரைத்த சட்னியின் எண்ணெயும் மஞ்சளும் ஒரு இரவு தங்கினால் வெளிர்நிறக் கல் குடித்துவிடும். இப்போது நாங்கள் போட்டிருப்பது பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி தெளித்த கல். அதில் உப்பும் தெரியவில்லை, கறையும் தெரியவில்லை. கடையில் வாங்குவதற்கு முன், மாதிரித் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் மீன்குழம்பு ஒரு கரண்டி ஊற்றி, இரவு முழுக்க வைத்துக் காலையில் கழுவிப் பாருங்கள். கடைக்காரர் தரத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

அமாவாசைப் பந்தியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள் அல்லவா? ஆறடி மேடையில் கூடத்துப் பக்கம் மூன்று பேர்தான் வசதியாக உட்காரலாம். பத்துப் பேருக்கு அது போதாது, போதவும் வேண்டாம். அன்றைக்கு மேடையில் இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி, சட்னி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்து இலை போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் விருந்தாளிகள் வரும் நாட்களில் இப்படித்தான் செய்கிறோம். பரிமாறுகிறவர்கள் சமையலறைக்குள் நுழையாமலேயே எடுத்துப் போகலாம். வேலை முடிந்ததும் அந்த மீன்குழம்புத் துண்டு எப்படி வந்தது என்று எழுதுங்கள்.